வாயில் அடக்கிய உருண்டை

ஜூன் 3

மருமகளுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமா என்று கேட்பது முறை, முறைக்காகக் கேட்டுவிட்டேன்.

என் மகனுக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் கிணற்றில் போட்ட கல். சின்ன வயதிலிருந்தே அவன் ஊமையன்தான்; நான் வைத்த பட்டப்பெயர் பொய்யாகவில்லை. ஆனால் பெற்றவளிடம்கூட வாய் திறக்காத ஊமையனாக அவனை ஆக்கியது யார் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை உன் பெயருக்கே போடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனாலும் ஒரு கடிதத்துக்காக இன்னொருவர் வாசலில் போய் நின்றவள் இல்லை.

போன வருஷம் என் மகள் வீட்டில் நாலு பேர் கூடியிருந்தபோது, "பட்ட மரத்துக்கு எத்தனை குடம் ஊத்தினா என்ன" என்றேன். சொன்னது சொன்னதுதான். அதற்காக மறுவாரமே வீட்டைக் காலி செய்து, ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போகும் தூரத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போக வேண்டுமா? கல்யாணமாகி ஏழு வருஷம். இல்லாததையா சொன்னேன்?

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு அரிசிக்கடைக்காரருக்கு ஒரு தங்கை மகள் இருக்கிறாள். முதல் கல்யாணம் நிலைக்கவில்லை, ஆனால் பெண் தங்கமானவள். "வழக்கு வம்பு இல்லாம முடிஞ்சா எங்களுக்குச் சம்மதம் பெரியம்மா" என்று அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நீ மனசு வைத்து விலகிக்கொண்டால் போதும். உன் கையில் தையல் இருக்கிறது, யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டியதில்லை.

உன்னை வெறுத்து எழுதவில்லை. முதல்முதலாக உன்னைப் பார்த்த அன்று, பல்லில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாயே, அப்போதே எனக்கு உன்னைப் பிடித்துப்போனது. ஆனால் பிடித்தது வேறு, வம்சம் வேறு. மகள் வழியில் ஒரு பேரனும் ஒரு பேத்தியும் இருக்கிறார்கள். மகன் வழியில் ஒன்று வேண்டாமா?

ஆகஸ்ட் பிறப்பதற்குள் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாக்கை நான் காற்றில் விடுகிறவள் இல்லை.

உன் அத்தை

*

ஜூன் 11

அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. மற்ற பிழைகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் மகன் மோட்டார் காயில் சுற்றும் கடையிலிருந்து திரும்புவதற்குள் இதை முடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. வெட்டிய துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

இங்கே வந்ததிலிருந்து ஒரு டாக்டரிடம் போகிறோம். போகிறோம் என்பது பேச்சுக்கு. சீட்டு என் பெயரில். நர்ஸ் வாசலில் நின்று கூவுவதும் என் பெயரைத்தான். பெஞ்சில் இருக்கும் பெண்கள் என்னைத் தலையிலிருந்து கால் வரை அளந்து பார்க்கிறார்கள். துணிக்குக்கூட நான் அப்படி அளவெடுத்ததில்லை. அவர் எதிர்ப்பக்கத்துப் பேப்பர் கடையில், யாரையோ இறக்கிவிட வந்த டிரைவர் மாதிரி நிற்பார்.

என்னைக் குத்தி, படம் எடுத்து, மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர். அந்த வாசற்படியில் உங்கள் மகனை ஏற வைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதாமல் முடியாது. அவருக்கு ஒரு விதை பைக்குள் இறங்கவே இல்லை. இறங்கியதும் சிறியது, அதன் பின்பக்கம் ஒரு நீர்க்கட்டி. சிறுநீர் வழி நுனியில் இல்லாமல் சற்றுக் கீழே திறந்திருக்கிறது. உயிரணு மிகவும் குறைவு. இதெல்லாம் பிறகு வந்தது இல்லையாம். தாய் வயிற்றிலேயே அப்படி அமைந்துவிட்டதாம்.

"உங்கம்மா உங்களைச் சுமந்தப்ப ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா? கரு கலையாம இருக்கன்னு அந்தக் காலத்துல ஒண்ணு கொடுப்பாங்க" என்று டாக்டர் கேட்டார். இவர் தெரியாது என்றார். கேட்டுச் சொல்லுங்கள் என்றதற்குத் தலையை ஆட்டினார். கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்ததும், "இது அம்மா காதுக்குப் போச்சுன்னா நான் உன்கூடப் பேசவேமாட்டேன்" என்றார். எப்போதுமே அதிகம் பேசாதவர்தானே என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், அத்தை? அதை மட்டும் எழுதுங்கள். அரிசிக்கடைக்காரருக்கு என்ன சொல்வது என்பதை அதற்குப் பிறகு பார்ப்போம்.

உங்கள் மருமகள்

*

ஜூன் 15

மருமகளுக்கு,

பெற்றவளுக்கே மகனைப் பற்றி இப்படி எழுத உனக்குக் கை எப்படி வந்தது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் ஒரு மாத்திரையும் சாப்பிடவில்லை. காய்ச்சலுக்குக்கூட வெந்நீர்தான். என் வயிற்றைப் பற்றிப் பேச எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. இதே வயிற்றில் பிறந்த என் மகளுக்கு இரண்டு இருக்கிறது. ஒரே நிலம், ஒரே உழவு. ஒன்று விளைந்து ஒன்று விளையவில்லை என்றால் கோளாறு நிலத்திலா?

ஆகஸ்ட் பிறப்பதற்குள்.

உன் அத்தை

*

ஜூன் 24

அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கோபம் தபாலில் கசங்காமல் வந்து சேர்ந்தது.

டாக்டரிடம் சொன்னேன். "மாத்திரை இல்லேன்னா ஊசி? டானிக்? வேலை செஞ்ச இடத்துல ஏதாவது?" என்று அடுக்கினார். "என் மாமியார் வெந்நீர் மட்டும்தான் குடிச்சாங்களாம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. சுவரோடு பேசினால்கூட எதிரொலி வரும்.

சரி, வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் குழந்தையாக இருந்ததைக் கேட்கிறேன். பிரசவம் பார்த்தவள் ஏதாவது சொன்னாளா? கழுவி விடும்போது உங்கள் கண்ணில் எதுவும் படவில்லையா? வெளியூர் போனால் ஆண்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அவர் நிற்கமாட்டார். வீடு திரும்பும் வரை அடக்கிக்கொள்வார். வீட்டிலும் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்துதான் போவார். ஏழு வருஷமாக அதைக் கூச்சம் என்று நினைத்தேன். கேலிகூடச் செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கேலியெல்லாம் நெஞ்சில் வந்து குத்துகிறது.

கோபித்துக்கொண்டே எழுதினாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

*

ஜூலை 2

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவச்சி, "ஒரு பக்கம் வெறுமையா இருக்கேம்மா" என்றாள். "போகப் போக இறங்கிடும், நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று நான்தான் அடக்கினேன். அதற்குப் பிறகு நானும் பார்க்கவில்லை, அவனும் காட்டவில்லை.

நீ இன்னொன்று கேட்டாய். ஆமாம். அவன் நின்று போனால் நேராகப் போகாது. காலெல்லாம் நனைத்துக்கொண்டு வருவான். டவுசர் ஈரம், செருப்பு ஈரம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஏதோ பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், அழுதுகொண்டே வந்தான். "நேரா நின்னு போகத் தெரியாதா உனக்கு" என்று கரண்டிக் காம்பால் முட்டியில் போட்டேன். ஒரு தடவை இல்லை. பிள்ளை ஒழுங்காக வளரத்தானே அடிக்கிறோம்! உடம்பிலேயே கோணல் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இதை அவனிடம் சொல்லாதே. மறந்திருப்பான்.

ஆனால் மருந்து மருந்து என்று கேட்கிறாயே, அதற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் என்ன மாதிரிப் பெண்பிள்ளை என்று உனக்குத் தெரியாது. அவன் அப்பா கால் முறிந்து படுத்த வருஷம் கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஊமையன் உண்டானான். வாந்தி, மயக்கம் என்று ஒரு நாள் நான் படுத்தது கிடையாது. ஏழாம் மாதம் வரை வேலைக்குப் போனேன்.

வேலை என்ன தெரியுமா? இளஞ்சேவல்களுக்குக் கழுத்தில் மிளகளவு உருண்டை ஏற்றுவது. சதை போடுவதற்காக. இடது கக்கத்தில் சேவலை இடுக்கிக்கொள்ள வேண்டும். இடது விரலால் தலைக்குக் கீழே தோலைக் கிள்ளித் தூக்க வேண்டும். வலது கையில் தடித்த ஊசிக் குழாய். குழாயில் ஒவ்வொரு தடவையும் ஓர் உருண்டையைப் போட்டுத் தோலுக்கடியில் தள்ள வேண்டும். மற்றவள்கள் ஒவ்வொரு உருண்டைக்கும் குழாயைக் கீழே வைத்து, டப்பாவைத் திறந்து, விரலால் தேடி எடுப்பார்கள். அதற்குள் சேவல் திமிறிக்கொண்டு பறந்துவிடும். பிடிக்க ஓடுவார்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு கை உருண்டையை அள்ளி உதட்டுக்குள் அடக்கிக்கொள்வேன். நீ குண்டூசி கடிப்பாயே, அதேபோல. குழாய் வாயை உதட்டருகே கொண்டுபோனால் நாக்கே ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வாய்தான் எனக்கு மூன்றாவது கை. பண்ணையில் எவளும் என்னைத் தொட முடியாது. பண்ணைக்காரர், வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து என்னைக் காட்டுவார். "இது கையா, மிஷினா பாருங்க" என்பார். சேவல் ஓங்கி உதைத்தால் ஒன்றிரண்டு உருண்டை தொண்டைக்குள் போய்விடும். போனால் என்ன? கோழியே சாகவில்லை, நான் சாவேனா?

இப்படி உழைத்துப் பெற்ற பிள்ளை அவன். மெத்தையில் படுத்து மாத்திரை தின்று பெற்றதில்லை. போய் உன் டாக்டரிடம் இதைச் சொல்.

உன் அத்தை

*

ஜூலை 8

அத்தை,

அந்த உருண்டையின் பெயர் என்ன? அது வந்த டப்பாவில் என்ன எழுதியிருந்தது? அதை ஏற்றினால் சேவலுக்கு என்ன ஆகும்? சதை போடும் என்பது சரி, வேறு என்ன ஆகும்?

வேறொன்றும் கேட்கவில்லை. இன்றே எழுதுங்கள்.

*

ஜூலை 12

மருமகளுக்கு,

இப்போதாவது உருப்படியாக ஒன்று கேட்டாய்.

பெயர் எனக்குத் தெரியாது. அந்நிய எழுத்து. டப்பா உன்னிடம்தான் இருக்கிறது. பண்ணையை மூடியபோது காலி டப்பா ஒன்றை நினைவாக எடுத்து வந்தேன். நீ இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "குண்டூசி போட்டு வச்சுக்கோ" என்று கொடுத்தேனே, மூடியில் சேவல் படம் போட்ட தகர டப்பா, அதுதான். என் கெட்டிக்காரத்தனம் மருமகளுக்கும் வரட்டும் என்றுதான் கொடுத்தேன்.

என்ன ஆகும் என்று கேட்டாயே, அதை வேடிக்கை பார்க்கவே ஆள் வருவார்கள். உருண்டை ஏறிய சேவல் சண்டைக்குப் போகாது. விடிந்தால் கூவாது. கொண்டை வெளுத்துச் சுருங்கிப்போகும். பெட்டைக் கோழிகளுக்கு நடுவே விட்டாலும் ஏறெடுத்துப் பார்க்காது. மூலையில் உட்கார்ந்து தின்று தின்று கொழுக்கும். கறி பஞ்சு மாதிரி இருக்கும். "சேவலைப் பெட்டையாக்குற வித்தை நம்ம பண்ணையில மட்டும்தான்" என்று பண்ணைக்காரர் பெருமையாகச் சொல்

பேனாவைக் கீழே வைத்துவிட்டு இப்போதுதான் எடுக்கிறேன்.

ஏன் இதைக் கேட்டாய்? நேராகச் சொல். சுற்றி வளைக்காதே.

*

ஜூலை 19

அத்தைக்கு வணக்கம்.

நேராகவே சொல்கிறேன்.

குண்டூசியைக் கொட்டிவிட்டு டப்பாவை டாக்டரிடம் எடுத்துப்போனேன். எழுத்து பாதி தேய்ந்திருந்தது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஸ்டில்பெஸ்ட்ரால் என்றார். கரு கலையாமல் இருக்கக் கொடுத்ததாகச் சொன்னாரே ஒரு மாத்திரை, அதுவும் இதுவும் ஒன்றுதானாம்.

பெண் உடம்பில் தானாக ஊறும் ஹார்மோனைப் போலத் தொழிற்சாலையில் செய்த சரக்கு அது. ஆண் குழந்தைக்கு அந்த உறுப்புகள் உருவாவது கர்ப்பத்தின் முதல் சில மாதங்களில்தானாம். அந்த நேரத்தில் தாயின் ரத்தம் வழியாக அது உள்ளே போனால், இறங்க வேண்டியது இறங்காமல் நின்றுவிடலாம், மூட வேண்டியது மூடாமல் போகலாம், கட்டி வரலாம். உங்கள் மகள் பிறந்தது நீங்கள் பண்ணைக்குப் போவதற்கு முன்னால். நிலம் ஒன்றுதான், அத்தை. உழவுதான் வேறு.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. எந்த மருந்தும் படாத பிள்ளைங்களுக்கும் இப்படி வரும். ஆனா இந்த டப்பாவைப் பார்த்தப்புறம் வேற காரணம் தேட எனக்கு மனசு வரல" என்றார். படித்த டாக்டர்களே கர்ப்பிணிகளுக்கு இதை எழுதிக் கொடுத்தார்கள், பிறகுதான் நிறுத்தினார்கள் என்றும் சொன்னார். உங்கள் மேல் பழி போட இதை எழுதவில்லை. வாயில் வைக்காதே என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வைத்ததற்கு மெச்சினார்கள்.

இவ்வளவு நியாயம் பேசிவிட்டேன். இப்போது என் ஆத்திரத்தையும் கேளுங்கள். ஏழு வருஷம் நான் பட்ட மரம். உங்கள் மகளின் பிள்ளைகளை நான் தூக்கினால் யாராவது ஒருத்தி வந்து, "கொடு, பாலுக்கு அழுவுது" என்று வாங்கிக்கொண்டு போவாள். சிரித்துக்கொண்டே கொடுப்பேன். அழாத குழந்தை, அத்தை.

அரிசிக்கடைக்காரரிடம் போய், என்னிடம் குறை இல்லை என்று சொல்லுங்கள். அன்று கூடியிருந்த நாலு பேரிடமும் சொல்லுங்கள். ஆனால் உங்கள் மகன் பெயர் வெளியே வரக்கூடாது. தெருவில் தலை நிமிர்ந்து நடக்கும் மனிதர், இதற்காகக் குனியக்கூடாது. எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே அந்த வழி தெரிந்திருந்தால் ஏழு வருஷம் சும்மா இருந்திருப்பேனா?

உங்கள் மருமகள்

*

ஜூலை 27

மருமகளுக்கு,

நீ எழுதியதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதால்தான் நெட்டச்சி வீட்டுக்குப் போனேன். பண்ணையில் என் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து உருண்டை ஏற்றியவள். அவளும் அப்போது பிள்ளைத்தாய்ச்சிதான். அவள் மகனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். மூன்றும் வாசலில் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அங்கேயே உன் டாக்டரை மனசுக்குள் நாலு திட்டுத் திட்டினேன்.

"நீயும் நானும் ஒரே டப்பாவுலதானடி எடுத்தோம், உம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்து, "நான் எங்க வாயில வச்சேன்? ஒரு தடவை நாக்குல பட்டதுக்கே எனக்குக் குமட்டிடுச்சு. டப்பாவுலேருந்து ஒண்ணொண்ணாத்தானே எடுத்தேன். அதுக்குத்தானே பண்ணைக்காரர், அவளைப் பாத்துக் கத்துக்கடின்னு தினம் என்னை வறுத்தெடுத்தார்" என்றாள்.

தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியிலேயே அரிசிக்கடைக்குப் போனேன். "பெண் விஷயத்தை விட்டுடுங்க. என் மருமககிட்ட ஒரு குறையும் இல்ல" என்றேன்.

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப குறை யாருக்குப் பெரியம்மா?" என்றார்.

என் வாய் பூட்டிக்கொண்டது. உனக்குத் தெரியும், என் வாய் பூட்டிக்கொள்கிற வாய் இல்லை. அரிசி வாங்க வந்தவள் ஒருத்தி, "மருமக மருந்து வச்சுட்டாளா?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். யார் யாருக்கு வைத்த மருந்து!

மகள் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். "அப்ப தம்பிக்கா?" என்று அவளும் அதையேதான் கேட்கிறாள். நீ ஒரு கையால் என் வாயைக் கட்டிவிட்டு இன்னொரு கையால் பேசு பேசு என்று பிடரியில் தள்ளுகிறாய். அவனைச் சொன்னால் அவன் தலை குனிவான். சொல்லாவிட்டால் உன் மேல் உள்ள பழி அப்படியே நிற்கும். உன் மேல் கோபமாக வருகிறது, அவன் மேல் கோபமாக வருகிறது, செத்துப்போன பண்ணைக்காரர் மேலும் கோபமாக வருகிறது. இதையெல்லாம் நான் எங்கே போய்க் கொட்டுவது?

டப்பாவைத் தூக்கி எறிந்துவிடு.

*

ஆகஸ்ட் 3

அத்தைக்கு வணக்கம்.

டப்பாவை எறியவில்லை. அதன் பெயரால் வேறொரு காரியம் நடந்துவிட்டது. குண்டூசியெல்லாம் மேஜையில் சிதறிக் கிடப்பதைப் பார்த்து உங்கள் மகன், "டப்பா எங்க?" என்று கேட்டார். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. வெட்டுத் துணியைத் தூக்கி, உங்கள் கடிதங்களை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

தரையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் வரிசையாகப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். இனி என்னோடு பேசவேமாட்டார் என்றும் நினைத்தேன். உருண்டையை நீங்கள் வாயில் அடக்கிய இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்கம்மா வாயை மூடிக்கிட்டு இருந்த ஏழு மாசம். அப்ப உண்டானவன் ஊமையனா இல்லாம வேற எப்படி இருப்பான்?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கரண்டிக் காம்பு பற்றி நீங்கள் எழுதியிருந்த பக்கத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் படித்தார். "மறந்திருப்பான்னு எழுதியிருக்கா" என்றார்.

உள்ளே தங்கிவிட்ட விதையை இனியும் விட்டுவைத்தால் பின்னால் அதில் கெட்ட கட்டி வரலாம் என்பதால் டாக்டர் அதை எடுத்துவிடச் சொல்கிறார். வரும் இருபதாம் தேதி ஆபரேஷன். குழந்தை விஷயத்தில் அவர் கையை விரிக்கவும் இல்லை, வாக்குக் கொடுக்கவும் இல்லை. எங்களுக்குப் பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம். நான் விலகப் போவதில்லை. இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று இவ்வளவு நாளும் நினைத்தேன். இப்போது எழுதும்போது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை.

உங்கள் மகனுக்கு இன்னும் அந்த வாசலில் ஏறப் பயம்தான். சீட்டு இப்போதும் என் பெயரில்தான் ஓடுகிறது. தன் பெயரைக் கூவினால் ஓடிவிடுவேன் என்கிறார்.

உங்களை வரச் சொல்லலாமா என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, "அம்மாவுக்கு பஸ்ல வாந்தி வரும். ஜன்னல் ஓரமாப் பாத்து உக்காரச் சொல்லு" என்றார்.

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 9

மருமகளுக்கு,

பதினெட்டாம் தேதி காலை பஸ். ஜன்னல் ஓரம் சொல்லி வைத்துவிட்டேன்.

நேற்று மறுபடி அரிசிக்கடைக்குப் போனேன். அன்று சிரித்தவளும் அங்கேயே இருந்தாள், நல்லதாகப் போயிற்று. "வாக்கைத் திருப்பி எடுத்துக்கறேன். என் வீட்டு மருமக பட்ட மரம் இல்ல. அப்படிச் சொன்ன வாயாலயே இப்பச் சொல்றேன்" என்றேன். அவர் விடவில்லை. மறுபடியும் அதே கேள்வி, "அப்ப குறை யாருக்கு?"

"எனக்கு" என்றேன்.

தராசு அப்படியே நின்றது. "உங்களுக்கா? பேரன் பேத்தி எடுத்தவங்களுக்கு என்ன பெரியம்மா குறை?" என்றார். "இருக்கு. பிள்ளையைச் சுமந்த காலத்துலேருந்து இருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது, வைத்தியத்துக்குப் போறேன். இன்னும் என்ன குறைன்னு விவரமாச் சொல்லட்டுமா, இங்கேயே உக்காந்து?" என்று ஒரு மூட்டையின் மேல் உட்காரப் போனேன். "வேண்டாம் வேண்டாம்" என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். மகள் வீட்டிலும் அந்த நாலு பேரைக் கூட்டிவைத்து இதையே சொன்னேன். அவரவர் வாயில் ஈ புகுந்தது.

பொய் சொன்னேன் என்று நினைக்காதே. யோசித்துப் பார்த்தால் அதில் பொய் எங்கே இருக்கிறது?

குண்டூசியை இனிமேல் பல்லில் கடிக்காதே. கைக்கு ஒரு சின்னத் திண்டு தைத்துக் கட்டிக்கொள். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், போகட்டும். டப்பாவை என்ன செய்வதென்று நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவன் முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா? வேண்டாம், நீ எழுதாதே. நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் செய். டாக்டர் வீட்டுச் சீட்டை என் பெயருக்கு மாற்றி எழுதச் சொல். நர்ஸ் வாசலில் நின்று கூவட்டும், நான் எழுந்து போகிறேன். இந்த வயசுலயா என்று பெஞ்சில் இருப்பவள்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊமையன் என் பையைத் தூக்கிக்கொண்டு, கிழவிக்குத் துணைக்கு வந்தவன் மாதிரி என் பின்னாலேயே உள்ளே வரட்டும்.

உன் அத்தை